ஈயம் போன அண்டா

கோயிலில் முதல் மணி அடித்து ஓய்ந்துவிட்டது. இரண்டாவது மணிக்குள் பலகாரம் எல்லாம் பீடத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். வாசலில் நான் போட்டிருந்த மேஜைமேல் எஸ்தர் தன் அண்டாவை இறக்கி வைத்தாள். சின்னப் பித்தளை அண்டா. முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அப்படித் தேய்த்திருந்தாள். மூடியைத் திறந்தேன். தயிர்வடை. கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, மேலே மல்லித்தழை தூவி, பார்த்தாலே வாயில் தண்ணீர் ஊறியது. கரண்டியால் ஓரத்து வடை ஒன்றை ஒதுக்கினேன். தயிர் பட்ட இடத்தில் மெல்லிசாகப் பச்சை படர்ந்திருந்தது.

கரண்டியைக் கீழே வைத்தேன்.

இப்போது பள்ளிக்கூடத்தில் இருக்கிற டீச்சர்மார்களே, கட்டிட நிதிக்குப் பலகார சேல் போடப் போகிறோம், எதை வாங்கலாம், எதைத் தள்ளலாம் என்று எழுதிக் கொடுங்கள் மேட்ரன் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். ஆனால் 'முறுக்கு ஆகும், பால்கோவா ஆகாது' என்று பட்டியல் போட்டுக் கொடுத்தால் அதை அலமாரியில் ஒட்டிவிட்டு மறந்துபோவீர்கள். அதனால் அந்த அண்டாவின் கதையோடு சேர்த்துச் சொல்கிறேன். அவசரப்படாமல் படியுங்கள்.

1. எதற்காக அந்த சேல்

யுத்தத்துக்கு முந்திய காலம். மதுரையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்து போர்டிங்கில் நான் மேட்ரன். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். என் வாய் கொஞ்சம் நீளம் என்று டாக்டர் இங்கே தள்ளிவிட்டார். போர்டிங் பிள்ளைகளுக்கு வாய் நீளமான மேட்ரன்தான் சரி என்பது அவர் எண்ணம். சரியாகத்தான் நினைத்திருக்கிறார்.

போர்டிங்கில் நோயாளிப் பிள்ளைகளைப் படுக்க வைக்கத் தனி அறை கிடையாது. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே பாயைப் போட வேண்டியதுதான். ஜன்னல் கிடையாது. எலி உண்டு. மழைக்காலத்தில் அங்கே மணல்வாரி அம்மை கண்டு, பிறகு நெஞ்சில் சளி கட்டி, மரகதம் என்ற பிள்ளை செத்துப் போனாள். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனாள். அதைப் பற்றி அதிகம் எழுத என்னால் ஆகாது.

அந்த மரகதத்தின் தாய்தான் எஸ்தர். மேலூர் ரோட்டில் ஒத்தக்கடைக்கு உள்ளே ஒரு சேரியில் வீடு. புருஷன் இல்லை. நாற்று நட்டு, களை பறித்து, ஒரே மகளைப் படிக்க அனுப்பியவள்.

மகளைப் புதைத்த பிறகு, இந்த சேலுக்கு முன்னால், எஸ்தர் ஒரே ஒரு முறைதான் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். ஸ்டோர் ரூம் வாசலில் நின்று உள்ளே பார்த்துவிட்டு, "இன்னொரு புள்ளய இதுக்குள்ள படுக்க வைக்காதீக மேட்ரம்மா" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் நேரே மிஸ்ஸியம்மாவிடம் போனேன். பள்ளிக்கூடத்தின் தலைமை அந்த வெள்ளைக்கார அம்மாதான். சிக் ரூம் கட்டாமல் நான் இங்கே இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்தம்மா வேதப்புத்தகத்தை வைத்தே தமிழ் படித்தவர். பேசினால் அதில் வருகிற சங்கீதம் வாசிப்பது மாதிரி இருக்கும்.

"மேட்ரன், என்னிடத்தில் பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை. சபையார் மனமுவந்து கொடுத்தால் கட்டுவோம்."

அப்படித்தான் சேல் முடிவானது. சபைக் குடும்பங்கள் வீட்டுப் பலகாரம் செய்து கொண்டு வருவது, அதைப் பீடத்துக்கு முன்னால் வைத்து ஜெபம் பண்ணி, பிறகு பள்ளிக்கூட மைதானத்தில் விற்பது. ஆனால் மிஸ்ஸியம்மா ஒரு நிபந்தனை போட்டார். ஊரில் அங்கங்கே பேதி கண்டிருந்த நேரம் அது. "இதைப் புசித்து ஒரு பிள்ளை வாந்தி பண்ணினாலும் இனி விற்பனை இல்லை, அறையும் இல்லை. எந்தப் பதார்த்தம் விற்கத்தக்கது என்று நீரே தீர்மானியும்."

2. சுத்தம்

சேல் கமிட்டிக்குத் தலைவி வக்கீலம்மா. ஊரில் பெரிய வக்கீலின் மனைவி. கெட்டிக்காரி, கை தாராளம், பாட்டு நன்றாக வரும். குறை ஒன்றுதான். கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து பாடுவார். சேர்ந்து சாப்பிட மாட்டார்.

கமிட்டிக் கூட்டத்தில் அவர்தான் ஆரம்பித்தார். "விக்கிற பதார்த்தம் நல்ல வீடுகள்ல இருந்து வந்தாத்தான் ஜனங்க நம்பி வாங்குவாங்க மேட்ரன். சுத்தம் முக்கியம் பாருங்க."

"நல்ல வீடுன்னா எது?" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியாதுங்க. நான் நர்ஸு. எனக்கு ஈ தெரியும், ஈயம் தெரியும். வீடு தெரியாது."

பக்கத்தில் இருந்தவர்கள் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டார்கள். வக்கீலம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. சபைக்குள்ளே சாதி இருந்ததா என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிறீர்கள். இருந்தது. ஞானஸ்நானத் தண்ணீரில் கரையாத அழுக்கு அது. நான் என்ன சாதி என்று அடுத்துக் கேட்டுவிடாதீர்கள், வாயில் நல்ல வார்த்தை வராது.

கூட்டத்திலேயே ஒரு விதி வைத்தேன். எந்தத் தட்டிலும் வீட்டின் பெயர் இருக்கக் கூடாது. பண்டத்தையும் பாத்திரத்தையும் மட்டுமே பார்ப்பேன். பார்ப்பதும் ஜெபத்துக்கு முன்னால், கோயில் வாசலில். மிஸ்ஸியம்மா, "இது கர்த்தருக்குக் கொண்டு வருகிற காணிக்கை அல்லவா? வாசலில் நின்று தள்ளலாமா?" என்று தயங்கினார். "பீடத்துல வச்ச பிறகு தூக்கிப் போட்டாப் பாவம் அம்மா. வைக்கிறதுக்கு முன்னால தூக்கிப் போட்டா அது சுகாதாரம்" என்றேன். சிரித்துவிட்டுச் சம்மதித்தார்.

இப்போது நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வெயில் ஊரில் சேலுக்கு ஏற்றது ஈரம் இல்லாத பண்டம். முறுக்கு, சீடை, கடலை உருண்டை, எள்ளுருண்டை, பொரிவிளங்காய், நன்றாக வெந்த அதிரசம். இவை கையில் எடுத்தால் ஒட்டக் கூடாது, உடைத்தால் சத்தம் கேட்க வேண்டும். முறுக்கை மோந்து பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் பழைய எண்ணெய். தேங்காய்ப் பூரணம் வைத்த கொழுக்கட்டை காலையில் கிளி மாதிரி இருக்கும், மத்தியானம் பிட்டால் நூல் விடும். எத்தனை நல்ல கை செய்தாலும் வேண்டாம். பால்கோவா அன்றைக்கு விடியலில் கிண்டியதாக இருந்தால், முதல் மணி நேரத்துக்குள் விற்றுவிடலாம் என்றால் வாங்கலாம். கேக் செய்கிறவர்கள் அப்போது சட்டிக்கு மேலும் கீழும் கங்கு போட்டுத்தான் சுடுவார்கள். மேலே கருகி நடுவே மாவாக இருக்கும். ஒரு ஈர்க்குச்சியைக் குத்தி எடுங்கள், ஒட்டாமல் வந்தால் சரி.

கலர் போட்ட மிட்டாய் வந்தால் ஜாக்கிரதை. அன்றைக்குச் செல்லூரிலிருந்து தறிக்காரர் ஒருவர் தேங்காய் பர்பி கொண்டு வந்தார். அப்படி ஒரு ரோஜா நிறம்!

"என்னண்ணே கலரு இது?" என்றேன்.

"நம்ம பட்டறைச் சாயந்தேன் மேட்ரம்மா. சேலையில போட்டா எம்புட்டுத் துவைச்சாலும் போகாது, அம்புட்டு நயம்!"

மனிதர் பெருமையாகத்தான் சொன்னார். ஒரு துண்டை என் வெள்ளை ஏப்ரனில் தேய்த்துக் காட்டினேன். "சேலையில போகாதது வயித்துல மட்டும் போயிருமாண்ணே?" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு திருப்பி எடுத்துப் போனார். அந்த ஏப்ரன் கிழிகிற வரைக்கும் கறை போகவில்லை. அவர் சொன்னது உண்மை.

3. பச்சை

இந்த விளையாட்டுக்குப் பிறகுதான் எஸ்தர் வந்தாள். மகள் செத்த பிறகு இரண்டாவது தடவை. ஒத்தக்கடையிலிருந்து யாரோ ஒருவரின் வண்டியில் தொற்றிக்கொண்டு, அண்டா அலுங்காமல் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். முதல் நாள் சாயங்காலமே வடை சுட்டுத் தயிரில் போட்டுவிட்டாள். ஊறினால்தானே ருசி.

நான் அண்டாவின் உள்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தேன். பித்தளைப் பாத்திரத்தில் புளிப்பு வைத்தால் களிம்பு ஏறும், அதற்காகத்தான் உள்ளே ஈயம் பூசுகிறோம் என்பது எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரியும். எஸ்தருக்கும் தெரியும். இந்த அண்டாவுக்கும் ஈயம் பூசித்தான் இருந்தது. ஆனால் கோயிலுக்குப் போகிற பாத்திரம் அல்லவா? வெளியே மட்டும் மின்னினால் போதுமா? புளியும் செங்கல் பொடியும் போட்டு உள்ளேயும் தேய்த்திருக்கிறாள், வெள்ளை போய் மஞ்சள் பளபளக்கும் வரைக்கும். பக்தியில் ஈயம் போய்விட்டது.

"எஸ்தரு, இப்படி உள்ள வா, ஒரு வார்த்தை" என்று கூப்பிட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "என்ன சொல்லணுமோ இங்கனயே சொல்லுங்க."

வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். வேறு வழி இல்லாமல் சொன்னேன். "இத வாங்க முடியாதும்மா. ஈயம் போயிருச்சு. களிம்பு ஏறிக் கெடக்கு. தின்னா வாந்திதான்."

அவள் அண்டாவைப் பார்க்கவில்லை. மேஜையில் ஏற்கனவே நான் வாங்கி வைத்திருந்த தட்டுகளைப் பார்த்தாள். "வக்கீலம்மா பால்கோவா ஆகும். வாத்தியாரம்மா அதிரசம் ஆகும். எங் கையில சுட்டது ஆகாது" என்றாள். குரல் உயரவில்லை. "இது எம் மக கலியாணத்துக்குன்னு சீட்டுக் கட்டி வாங்குன அண்டா மேட்ரம்மா. எம் புள்ளய மட்டும் வாங்கி உள்ள வச்சீக. எம் வடைய வாங்க மாட்டீகளா?"

டீச்சர்மார்களே, ஆஸ்பத்திரியில் நான் பார்க்காத ரத்தம் இல்லை. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டு மூடியை எடுத்து அண்டாவை மூடினேன். ஏதாவது சாக்குச் சொல்லி வாங்கி, உள்ளே வைத்து, யாருக்கும் விற்காமல் கொட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அண்டா பீடத்துக்கு முன்னால் போய்விட்டால் அது காணிக்கை. யாராவது ஒரு பக்தர் முதல் ஆளாக எடுத்துத் தின்பார். அவர் வாந்தி எடுத்தால் சிக் ரூம் போகும். 'சேரி வடை தின்று வாந்தி' என்ற பேச்சு மட்டும் ஊரில் நிற்கும்.

அந்த நேரத்தில் வக்கீலம்மா பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாக, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி, "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது.

"எல்லாரும் அவங்கவங்க பாத்திரத்தத் தூக்கிட்டு வாங்க" என்றேன். "பண்டத்த எல்லாம் வாழை இலையில கவுத்துங்க. அம்புட்டுப் பாத்திரத்துக்கும் உள்ள பாக்கணும். ஒருத்தர் பாக்கியில்லாம."

"ரெண்டாம் மணி அடிக்கப் போகுது மேட்ரன்!" என்றார் வக்கீலம்மா.

"அடிக்கட்டும். சாமி காத்திருப்பாரு."

சலசலப்புக்குக் கேட்பானேன்! ஒருவர் பாத்திரத்தின் அடியை மற்றவர் பார்ப்பது என்றால் சும்மாவா? என்னைத் திட்டிக்கொண்டே கவிழ்த்தார்கள். கோயில் நாள் என்று எஸ்தரைப் போலவே உள்ளே வரைக்கும் தேய்த்தவர்கள் இன்னும் இருந்தார்கள். வாத்தியாரம்மாவின் உருளியில் அடி முழுக்க மஞ்சள். நல்லவேளை, அதிரசத்தைச் சருகு இலை பரப்பித்தான் அடுக்கியிருந்தார். பண்டத்தில் பாத்திரம் படவில்லை. அதைத் தகர டப்பாவுக்கு மாற்றச் சொன்னேன். வக்கீலம்மா பாத்திரத்தில் ஈயம் முழுசாக வெள்ளை வெளேரென்று இருந்தது. அதையும் உரக்கச் சொன்னேன். உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா?

கடைசியாக மிஸ்ஸியம்மாவின் பாத்திரம் மட்டும் மிச்சம். கொய்யாப்பழ ஜெல்லி. அந்தம்மாவே எலுமிச்சம்பழம் பிழிந்து காய்ச்சியது. சமையல்காரர் முதல் நாள் அந்தப் பித்தளைச் சட்டியைப் புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறார். சட்டியிலேயே ராத்திரி முழுக்க ஜெல்லி கிடந்திருக்கிறது. கரண்டியால் ஓரத்தைத் தள்ளினேன். அதே பச்சை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எஸ்தரும்தான்.

"இதுவும் ஆகாது அம்மா" என்றேன்.

மிஸ்ஸியம்மா குனிந்து பார்த்தார். "இது தள்ளப்படத்தக்கதா?"

"ஆமா அம்மா."

அவர் யாரையும் ஏவவில்லை. தானே சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தென்னமரத்துக்கு அப்பால் குழியில் கொட்டினார். திரும்பி வந்து எஸ்தருக்குப் பக்கத்தில் நின்று, "வாரும், நாம் இருவரும் ஒன்றாய்க் கொட்டுவோம்" என்று அண்டாவின் ஒரு காதைப் பிடித்தார். எஸ்தர் மற்றக் காதைப் பிடித்தாள். அவள் அழுதுகொண்டே போனாள். எனக்கும் கண்ணில் நீர் கட்டியது. ஏப்ரனில் துடைத்தால் சாயம் ஒட்டும் என்று முழங்கையால் துடைத்தேன்.

4. இரும்புச் சட்டி

ஜெபம் முடிந்து விற்பனை தொடங்கியது. எஸ்தர் காலி அண்டாவை வைத்துக்கொண்டு வெளிக் கேட் பக்கத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

"வாரேன் மேட்ரம்மா" என்று எழுந்தாள்.

"எங்க போற? போர்டிங் கிச்சன்ல உளுந்து ஊறிக்கிட்டிருக்கு. ஆட்டுக்கல்லு இருக்கு. இரும்புச் சட்டி இருக்கு. இங்கனயே, எல்லாரும் பாக்க, சுடச்சுடப் போடு. கொதிக்கிற எண்ணெயில இருந்து நேரா எலைக்கு வர்ற பண்டத்த விட நல்ல பண்டம் கெடையாது."

"நான் சுட்டா வாங்குவாகளா?"

"தெரியாது" என்றேன். பொய் சொல்லித் தேற்றுகிற வயது அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

அண்டாவை என் கையில் கொடுத்தாள். பிறகு கொசுவத்தைச் செருகிக்கொண்டு ஆட்டுக்கல்லில் போய் உட்கார்ந்தாள். மாவு பொங்கப் பொங்க ஆட்டினாள். முதல் வடை சட்டியிலிருந்து வந்ததும் நான் வாங்கித் தின்றேன். நாக்கு வெந்துபோனது. இரண்டாவது, சாயப் பர்பி கொண்டு வந்த செல்லூர் அண்ணன். "இதுல கலரு இல்லையே மேட்ரம்மா?" என்று என்னைக் கிண்டல் வேறு. பிறகு வண்டிக்காரர்கள், போர்டிங் பிள்ளைகள், ரோட்டில் போனவர்கள். மைதானத்துப் பந்தலுக்குள் வாசனை புகுந்ததும் கமிட்டிப் பெண்களின் பேச்சு குறைந்தது. வாங்க வரவில்லை. ஆனால் வேலைக்காரி ஒருத்தி வந்தாள். அவளைப் பந்தலிலிருந்து யாரோ, "யாரு சுட்டதுன்னு கேக்காம வாங்கிட்டு வா!" என்று சொல்லி அனுப்பியது என் காதில் விழுந்தது. குரல் பாட்டுக்காரக் குரல். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மாவு தீரும்வரை எஸ்தரின் சட்டி இறங்கவில்லை. யாரும் வாந்தி எடுக்கவில்லை. மழைக்கு முன்னால் சிக் ரூமுக்கு அஸ்திவாரம் போட்டார்கள். இரண்டு பெரிய ஜன்னல் வைக்கச் சொல்லி நான் கொத்தனாரின் உயிரை வாங்கினேன்.

5. தண்ணீர்

அறை முடிந்து வெள்ளை அடித்த அன்றைக்கு எஸ்தர் அந்த அண்டாவோடு வந்தாள். ஈயம் பூசிக் கொண்டு வந்திருந்தாள். "கொதிக்க வச்ச தண்ணிக்கு இத வச்சுக்கங்க மேட்ரம்மா. எம் மகளுக்கு வாங்குனது. படுக்குற புள்ளைகளுக்கு இருக்கட்டும்" என்றாள். அறைக்குள் போய் ஜன்னல் இரண்டையும் திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கமிட்டியில் முணுமுணுப்பு எழுந்தது. வடை வேறு, தண்ணீர் வேறு, எல்லா வீட்டுப் பிள்ளைகளும் குடிக்கிற தண்ணீர் என்றார்கள். அண்டாவை எடுத்தால் நானும் போகிறேன் என்றேன். அண்டா இருந்தது. நானும் இருந்தேன்.

உங்களுக்குச் சொல்ல நான் கற்றுக்கொண்டது இதுதான். பண்டத்தை மோந்து பாருங்கள், உடைத்துப் பாருங்கள், பாத்திரத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். யார் கை என்று மட்டும் பார்க்காதீர்கள். தள்ள வேண்டியதைத் தயங்காமல் தள்ளுங்கள். ஆனால் ஒருவருக்கு வைத்த விதியை எல்லோருக்கும் வையுங்கள். தள்ளப்பட்டவரை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள், அடுப்படியில் இடம் கொடுங்கள்.

அடுத்த மழைக்காலத்தில் வக்கீலம்மாவின் அண்ணன் மகளுக்குக் கடும் காய்ச்சல். போர்டிங் பிள்ளைதான். சிக் ரூமில் படுக்க வைத்தோம். வக்கீலம்மா பதறி ஓடி வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். பிள்ளை கண்ணைத் திறக்காமலே, "அத்தை, தண்ணி" என்றாள். நான் ஜன்னல் பக்கம் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடிப்பதை நிறுத்தவில்லை.

வக்கீலம்மா அண்டாவிடம் போனார். அது யாருடையது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மூடியை எடுத்தார். பிறகு குனிந்து உள்ளே பார்த்தார்.

"ஈயம் நல்லாத்தான் இருக்கு மேட்ரன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை மொண்டார்.